ககா வரிசையில் ஒரு ஓட்டை: ‘அகாய் யூபி’ பற்றி உதவி தேவை

சோசெகியின் ‘கோகோரோ’வில் (1914) தொடங்கி மத்சுமோதோ செய்ச்சோ வழியாகத் துப்பறியும் கதைகளுக்கு வரும் ஓராண்டு ஜப்பானிய வாசிப்புத் திட்டம். கடைசிக் கட்டம் ஹிகாஷினோ கெய்கோவின் ககா வரிசை, அதாவது ககா என்ற போலீஸ் துப்பறிவாளர் வரும் நாவல்கள். அங்கேதான் சிக்கல்.

ஆங்கிலத்தில் கையில் இருப்பவை நான்கு: மாலிஸ் (மூலம் 1996), நியூகமர் (2009), எ டெத் இன் டோக்கியோ (2011), தி ஃபைனல் கர்ட்டன் (2013). முதல் இரண்டும் தடையில்லாமல் போகின்றன. ககா ஏன் ஆசிரியர் வேலையை விட்டார் என்பது மாலிஸிலேயே வந்துவிடுகிறது. மூன்றாவதில்தான் தடுமாற்றம். அப்பாவின் நினைவுச் சடங்கை ககா தள்ளிப்போடுகிறார், நர்ஸ் கானமோரி விடாமல் வற்புறுத்துகிறார், ககாவின் அத்தை மகன் மத்சுமியா இடையில் தவிக்கிறார். அப்பா மகனுக்கு இடையிலான இந்தக் கசப்பின் வேர், வரிசையில் முன்பே வந்த ‘அகாய் யூபி’ (சிவப்பு விரல், 2006) நாவலில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் கிடைக்கவில்லை.

முயன்றவை: ஜப்பானிய மின்னூலை இயந்திர மொழிபெயர்ப்பில் ஓட்டினால், எழுவாய் இல்லாத வாக்கியங்களில் பேசுவது அப்பாவா மகனா என்றே புரியவில்லை. அந்த நாவலின் 2011 தொலைக்காட்சி நாடகத்துக்கு ஆங்கில சப்டைட்டில் அகப்படவில்லை. இணையச் சுருக்கங்கள் முதல் பத்தியிலேயே குற்றவாளியைச் சொல்லிவிடுகின்றன. அந்த நாவலுக்கு அது பெரிய அநியாயம். ஃபைனல் கர்ட்டனை முன்னால் நகர்த்தினாலும் பயனில்லை, அது அம்மாவின் கதை.

‘அகாய் யூபி’யை மூலத்தில் படித்தவர்கள், கொலை விவரத்தைத் தொடாமல், ககாவுக்கும் அப்பாவுக்கும் இடையே நடந்ததை மட்டும் பத்து வரியில் எழுதித் தர முடியுமா?