11,000 கிரையோவயல்கள், ஆறு எக்செல் கோப்புகள்: எந்த மென்பொருளுக்கு மாறுவது?

கேள்வி (ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்)

வணக்கம். ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளைக் காக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. −80 டிகிரி ஃப்ரீசர்கள் மூன்றும் திரவ நைட்ரஜன் கலன் ஒன்றும் உள்ளன. சீரம், பிளாஸ்மா, டிஎன்ஏ, திசுத் துண்டுகள் என ஏறத்தாழ 11,000 கிரையோவயல்கள் (மாதிரிகளை உறைநிலையில் வைக்கும் சிறு குப்பிகள்) அவற்றில் இருக்கின்றன. ஆறு ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஒரு கோப்பாக, எல்லாவற்றையும் எக்செலில்தான் எழுதி வருகிறோம்.

சென்ற மாதம் ஒரு நோயாளி, ஆய்வுக்குத் தாம் அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்தார். அவருடைய ரத்தம் எத்தனை குப்பிகளாகப் பிரிக்கப்பட்டது, அவற்றில் எவை எந்த ஆய்வுக்குப் போயின என்று தேடிப் பார்க்க இரண்டு பேருக்கு நான்கு நாள் பிடித்தது. அப்படியும் ஒரு குப்பி மட்டும் கிடைக்கவில்லை. அது செலவாகிவிட்டதா, பெட்டி மாறி இருக்கிறதா என்று அவருக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது மனத்தை மிகவும் உறுத்துகிறது.

எங்களிடம் நிதி குறைவு. ஓபன்ஸ்பெசிமென், செனைட் ஆகிய இரண்டு மென்பொருள்களையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். எங்களுக்கு எது பொருந்தும்?

மறுமொழி 1 (உயிரி வங்கித் தரவுப் பணியாளர்)

நண்பரே, இரண்டும் நல்ல மென்பொருள்கள்தாம். ஆனால் வெவ்வேறு வேலைக்காக எழுதப்பட்டவை. செனைட் என்பது பைக்கா என்னும் ஆய்வுக்கூட மென்பொருளிலிருந்து கிளைத்தது. மாதிரி வந்து சேர்ந்தது, என்ன சோதனை கேட்டார்கள், யார் செய்தார், முடிவை யார் சரிபார்த்தார் என்ற வரிசையைக் காப்பதுதான் அதன் வலிமை. அன்றாடம் சோதனை அறிக்கை வழங்கும் கூடத்துக்கு அதையே நானும் சொல்வேன். உங்களுடையதைப் போல மாதிரிகளைச் சேமித்துவைக்கும் உயிரி வங்கியில் நிலைமை வேறு: மாதிரி பல ஆண்டுகள் உறைந்து கிடக்கும், நடுவில் பிரியும், சிறிது சிறிதாகச் செலவாகும், வெளியூர் போகும், சில வேளை மிச்சம் திரும்பியும் வரும். (அதே பைக்காவிலிருந்து உயிரி வங்கிக்கென்றே தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பாவோபாப் என்ற மென்பொருளும் உண்டு.)

ஓபன்ஸ்பெசிமென், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் உருவான கேடிஷ்யூ என்ற மென்பொருளின் வழிவந்தது; இப்போது புனேயிலுள்ள கிருஷாக்னி நிறுவனம் அதை வளர்க்கிறது. ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளர், அவர் வந்த நாள், அன்று எடுத்த மாதிரி, அதிலிருந்து பிரித்த அலிகோட்டுகள் (சிறு பங்குகள்) என்று தாய்–சேய் உறவாகவே அது தரவைச் சேமிக்கிறது. ஆகவே ஒருவர் ஒப்புதலைத் திரும்பப் பெறும்போது அவர் பெயரில் உள்ள அத்தனை குப்பிகளும், அவை இருக்கும் ஃப்ரீசர், தட்டு, பெட்டி, கட்டம் ஆகியவற்றுடன் ஒரே தேடலில் வந்து நிற்கும். உங்களை நான்கு நாள் அலைக்கழித்தது இந்த உறவு எக்செலில் இல்லாததுதான் என்பதால், நான் இதையே தேர்ந்தெடுப்பேன். திறந்தமூலப் பதிப்பில் (மூலநிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய பதிப்பு) கிடைக்கும் வசதிகளையும் கட்டணப் பதிப்பில் மட்டும் உள்ளவற்றையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இப்போதுள்ள எக்செல் கோப்பை அப்படியே புதிய மென்பொருளில் ஏற்றிவிடாதீர்கள். நாங்கள் அவ்வாறு செய்து, பிழைகளுக்கெல்லாம் ஓர் அதிகாரபூர்வ முகத்தைக் கொடுத்துவிட்டோம். அதைத் திருத்த ஓராண்டு ஆயிற்று.

எக்செல் நாம் கேட்காமலே தரவை மாற்றும். 0047 என்று தட்டினால் 47 என்று வைத்துக்கொள்ளும். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களைத் தேதிகளாக மாற்றியதால், அப்பெயர்களையே மாற்ற வேண்டிய நிலை 2020இல் மரபணுப் பெயரிடும் குழுவுக்கு ஏற்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில், பழைய எக்செல் வடிவக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது என்பதைக் கவனிக்காததால், 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் கணக்கில் சேராமல் போயிற்று. அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று.

ஆகவே முதலில் ஒரே ஒரு ஃப்ரீசரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை உலர்பனி மேல் வைத்து, 81 கட்டங்களையும் ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கட்டும். குப்பியில் இருப்பது ஒன்று, கோப்பில் இருப்பது வேறு என்றால் உடனே திருத்தாமல், வேறுபாட்டைத் தனியே எழுதிவையுங்கள். காணாமற்போன உங்கள் குப்பி இப்படித்தான் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

குப்பி எண்ணில் நோயின் பெயரையோ ஆண்டையோ பாலினத்தையோ திணிக்காதீர்கள். நோய் நிர்ணயம் பின்னாளில் மாறலாம். ஒட்டிய லேபிள் மாறாது. பொருளற்ற வரிசை எண் போதும், ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடியும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. திரவ நைட்ரஜனில் −196 டிகிரியைத் தாங்கும் லேபிளை வாங்குங்கள். சாதாரண லேபிள் உரிந்து பெட்டியின் அடியில் கிடக்கும்.

மறுமொழி 3 (கணினி நிர்வாகி)

திறந்தமூலம் என்றால் செலவில்லை என்று உங்கள் நிர்வாகத்திடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சர்வரைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேண்டும். அந்த இருவரும் கிடைக்காவிட்டால் கட்டணச் சேவையே மேல். பேக்கப் தினமும் எடுக்கப்படுகிறது என்பது மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, பத்துக் குப்பிகளின் விவரம் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

நோயாளியின் பெயர், கைபேசி எண் முதலியவை மாதிரி விவரங்களோடு ஒரே இடத்தில் எல்லோர் கண்ணிலும் படக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உயிரி வங்கிகளைப் பற்றித் தனிப் பகுதியே கொண்ட ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் உங்களுக்குப் பொருந்துவன. இரண்டையும் நெறிமுறைக் குழுவோடு சேர்ந்து படித்த பின்பே யாருக்கு எந்த அனுமதி என்று முடிவு செய்யுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. மூன்றாவது ஃப்ரீசரிலிருந்து வரும் திங்களன்றே எண்ணத் தொடங்குகிறோம். ஓர் ஐயம்: பழைய மாதிரிகள் பலவற்றுக்கு, ரத்தம் எடுத்து எவ்வளவு நேரம் கழித்துச் சுழற்றிப் பிரித்தார்கள் என்ற குறிப்பே இல்லை. வழக்கமாக இரண்டு மணி நேரம் என்பதால் அப்படியே நிரப்பிவிடலாமா?

மறுமொழி 1 (உயிரி வங்கித் தரவுப் பணியாளர்)

நிரப்பாதீர்கள். மாதிரி எடுத்தது முதல் சேமித்தது வரை கடந்து வந்ததை ஏழு கூறுகளாகக் குறிக்கும் ஸ்ப்ரெக் என்ற குறியீட்டு முறையை மென்பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ‘தெரியாது’ என்பதற்கே தனி எழுத்து உண்டு. அந்த எழுத்து இருந்தால், நேரத்தால் பாதிக்கப்படும் புரதத்தை அளக்க வருபவர் அந்தக் குப்பியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்பார். டிஎன்ஏ மட்டும் வேண்டுபவர் பெரும்பாலும் அதையே தயங்காமல் எடுத்துக்கொள்வார்.