ஹைட்ரோசில் சார்ட்டு வந்தா என்43.3 போட்டுட்டு நகர்ந்துடாதீங்க

அம்மாப்பேட்டை, இப்போ டெக்சாஸ்:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம்ங்க. யூராலஜி கிளினிக் ஒண்ணுல அடுத்த வாரம் மெடிக்கல் கோடரா, அதாவது டாக்டர் குறிப்பைப் படிச்சு பில்லுக்கு நோய், சிகிச்சைக் கோட் போடறவனா சேர்றேன். சிபிசி கோடிங் சான்றிதழ் கையில இருக்கு. ஹைட்ரோசில் (விரையைச் சுத்தி நீர் கோர்க்கறது) கேஸ் நிறைய வரும்னாங்க. ஐசிடி-10 நோய்க் கோட்ல என்43.3 போட்டா போதுங்களா, வேற எதைப் பார்க்கணும்?

சூரமங்கலம், இப்போ நியூ ஜெர்சி:
தம்பி, என்43.3 தப்பு இல்ல. ஆனா டாக்டர் வெறும் "ஹைட்ரோசில்"னு எழுதி, மேற்கொண்டு எதுவும் சொல்லாதப்பதான் அது. சேலத்துப் பக்கம் விரைவீக்கம்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவோம்; நீர் கோர்த்தது, குடல் இறங்கினது, ரத்தக்குழாய் புடைச்சது எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிடும். கோட் புத்தகத்துல மூணுக்கும் மூணு வீடு. ரத்தக்குழாய் புடைச்ச வேரிகோசில் ஐ86.1, குடல் இறங்கின இங்குவினல் ஹெர்னியா கே40, நீர் கோர்த்த ஹைட்ரோசில் என்43.

என்43-க்குள்ள என்சிஸ்டட்னு (நீர் தனியா அடைபட்டு நிக்கறது) இருந்தா .0. இன்ஃபெக்டட்னா (கிருமி தொத்தினது) .1, கிருமி பேரு தெரிஞ்சா அதுக்குத் தனிக் கோட் கூடவே போகணும். கம்யூனிகேட்டிங்னு (வயித்துக்குள்ள போற வழி மூடாம இருக்கறது) எழுதியிருந்தா .2. ஸ்பெர்மட்டோசிலுக்கு (விந்து நீர்க்கட்டி) என்43.4-லயே நின்னுட்டா இன்சூரன்ஸ் க்ளெய்ம் திரும்பி வந்துடும். ஒண்ணா, பலவான்னு பார்த்து என்43.41 அல்லது என்43.42, எழுதலைன்னா என்43.40. பிறவியிலேயே உள்ளதுன்னு டாக்டர் சொன்னா பி83.5, குழந்தைக்கு ரெண்டு வயசானாலும், அதே பிறவிக் கோளாறு நீடிக்குதுன்னு குறிப்பு இருந்தா அதே கோட்தான். பி83.5-ஐயும் என்43-ஐயும் ஒரே வீக்கத்துக்கு சேர்த்துப் போடக் கூடாது, எக்ஸ்க்ளூட்ஸ்1-ங்கற புத்தகக் குறிப்பு (இந்த ரெண்டையும் சேர்க்காதேன்னு சொல்றது) தடுக்கும்.

அவுட்பேஷண்ட்ல "ஹைட்ரோசிலா இருக்கலாம்", "ரூல் அவுட்"னு (இருக்கா இல்லையான்னு பார்க்கணும்) இருந்தா ஹைட்ரோசில் கோட் போடவே கூடாது. அன்னிக்கு உறுதியானது வீக்கம் மட்டும்தான், அதுக்குத்தான் கோட். ஸ்க்ரோட்டல் (விரைப்பை) அல்ட்ராசவுண்ட் (அமெரிக்க சிகிச்சைக் கோடான சிபிடில 76870) ரிப்போர்ட் வந்து, டாக்டர் உறுதி பண்ணின அடுத்த விசிட்ல மாத்திக்கலாம். நோயாளி நம்ம ஊர்க்காரர்ங்கறதுக்காக யானைக்கால் நோய்க் கோடை நாமளா சேர்க்கறதும் கூடாது. டாக்டர் ஃபைலேரியான்னு எழுதணும்.

ஐந்து ரோடு, இப்போ ஒஹையோ:
நிறைய பணம் போறது சிபிடி ஆப்பரேஷன் கோட்லதாங்க. மேல தலைப்புல "ஹைட்ரோசிலெக்டமி"ன்னு இருக்கறதைப் பார்த்து 55040 தட்டிடறாங்க. கீழ இறங்கிப் படிங்க. சாக்னா நீர் கோர்த்திருக்கற பை. "உபரியான சாக் வெட்டி எடுக்கப்பட்டது, ஓரம் முழுக்கத் தையல், சாக் பெத்தாலஜிக்கு அனுப்பப்பட்டது"ன்னா 55040. "சாக் திறந்து, உள்பக்கம் வெளியே திருப்பி, டெஸ்டிஸுக்குப் (விரை) பின்னால் தைக்கப்பட்டது"ன்னு மட்டும் இருந்து வெட்டி எடுத்த பேச்சே இல்லைன்னா அது பாட்டில் முறை, 55060. ஊசி போட்டு நீர் இறக்கினது மட்டும்னா 55000. அதே பக்கம் அறுத்துச் செய்யும்போது நடுவுல நீர் உறிஞ்சினதைத் தனியா பில் பண்ண முடியாது.

பக்கம் எதுன்னு என்43 கோட் சொல்லவே சொல்லாது. அதனால ஆர்டி (வலது), எல்டி (இடது) மாடிஃபையர்ல, அதாவது சிபிடி கோடோட ஒட்டற குறியீட்டுல சொல்லியாகணும். ரெண்டு பக்கமும் எக்சிஷன்னா (வெட்டி எடுத்தது) 55041, அதுக்கு மேல ரெண்டு பக்கத்தைக் குறிக்கற 50 மாடிஃபையர் கூடாது. 55060 ரெண்டு பக்கம்னா 50 வேணும். இந்த ஒரு இடத்துல புதுசா வர்றவங்க தடுமாறாம இருந்ததே இல்ல.

ஹெர்னியாவும் சேர்ந்திருந்தா முதல்ல வயசைப் பாருங்க. அஞ்சு வயசு முடியாத குழந்தைகளோட இனிஷியல் (முதல் தடவை) ஹெர்னியா ரிப்பேர் கோட்கள்ல (ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள 49500) "ஹைட்ரோசிலெக்டமியோட அல்லது இல்லாம"ன்னு விளக்கத்துலயே இருக்கு, தனியா போடாதீங்க. அஞ்சு வயசு முடிஞ்சவங்களுக்கு 49505-ஓட 55040 சேர்க்கலாம்னு சிபிடி குறிப்பே சொல்லுது. எந்தக் கோட்களைச் சேர்த்து பில் பண்ணக் கூடாதுன்னு சொல்ற அந்தக் காலாண்டோட என்சிசிஐ எடிட்டையும் ஒரு தடவை பார்த்துட்டு அனுப்புங்க. இங்குவினல் வழியா அறுத்தாங்கங்கறதால மட்டும் அது ஹெர்னியா ரிப்பேர் ஆகிடாது.

எக்சிஷனுக்கும் பாட்டில் முறைக்கும் க்ளோபல் (ஆப்பரேஷன் கட்டணத்துக்குள்ளயே அடங்கற பின் கவனிப்புக் காலம்) 90 நாள். அதுக்குள்ள ரத்தம் கட்டி மறுபடி தியேட்டருக்குப் போனா 78 மாடிஃபையர்.

ஏற்காடு, இப்போ லண்டன்:
இங்க வர்றவங்களுக்கு ரெண்டு வரி. ஆப்பரேஷனுக்கு சிபிடி கிடையாது, ஓபிசிஎஸ்-4-ங்கற பிரிட்டிஷ் கோட். ஹைட்ரோசில் சாக் அறுவைகள் என்11-ல. பக்கத்துக்கு இசட்94.1 ரெண்டு பக்கம், .2 வலது, .3 இடது. ஐசிடி-10 உலக சுகாதார நிறுவனத்தோட பதிப்பு, ஸ்பெர்மட்டோசில் என்43.4-லயே முடிஞ்சுடும். சிபிசி மட்டும் வச்சு என்எச்எஸ் (அரசு) ஆஸ்பத்திரிக் கோடிங்ல பெரிசா நகர முடியாது, என்சிசிக்யூங்கற இங்கத்திய கோடிங் தகுதிப் பரீட்சை எழுதணும்.

அம்மாப்பேட்டை, இப்போ டெக்சாஸ்:
ரொம்ப நன்றிங்க. குறிப்புல வெட்டினாங்களா திருப்பினாங்களான்னே இல்லைன்னா சர்ஜன்கிட்ட எப்படிக் கேக்கறது?

சூரமங்கலம், இப்போ நியூ ஜெர்சி:
ஊர்ல சார்ட்டு திரையில வரும், முடிச்சு அனுப்பிடுவோம், டாக்டர் முகமே தெரியாது. இங்க அவர் அடுத்த அறையில இருப்பார், தயங்காம க்வெரி (எழுத்துல விளக்கம் கேக்கறது) அனுப்புங்க. பதில் நம்ம வாயிலிருந்து போகக் கூடாது, அது ஒண்ணுதான் விதி. "55060 போடட்டுமா டாக்டர்?"னு கேட்டா ஆடிட்ல அதுவே நமக்கு எதிரா நிக்கும். இப்படி எழுதுங்க: "தேதி போட்ட ஆப்பரேஷன் குறிப்பில் ஹைட்ரோசில் சாக் திறக்கப்பட்டதாக உள்ளது. சாக் எவ்வாறு கையாளப்பட்டது என்பதைத் தெளிவுபடுத்தவும்: வெட்டி அகற்றப்பட்டது, திருப்பித் தைக்கப்பட்டது, வேறு முறை, தீர்மானிக்க இயலாது. எந்தப் பக்கம் என்பதையும் குறிப்பிடவும்." பணத்தைப் பத்தியோ கோட் எண்ணைப் பத்தியோ ஒரு எழுத்து வேண்டாம். பதிலை அவர் குறிப்புல அடெண்டமா (பின்சேர்க்கை) தேதி, கையெழுத்தோட சேர்த்த பிறகு கோட் போடுங்க.