பிறர் எழுதிய கோடிக்னைட்டர் நிரலில் என் எழுத்துமுறையைப் புகுத்தலாமா?

கேள்வி:
வணக்கம். பிஎச்பி மொழிக்கான கோடிக்னைட்டர் 3 என்ற சட்டகத்தில் (ஃபிரேம்வொர்க்) எழுதப்பட்ட பில்லிங் மென்பொருள் ஒன்று இரண்டு மாதங்களாக என் பொறுப்பில் இருக்கிறது; அதை எழுதிய மூவரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எங்கும் டேப், அடைப்புக்குறிகள் தனி வரியில், ட்ரூ (TRUE), நல் (NULL) ஆகிய சொற்கள் பெரிய எழுத்தில். பிஎஸ்ஆர்-12 என்ற பிஎச்பி எழுத்துமுறை விதிகளுக்குப் பழகிய எனக்கு இந்த ஒழுங்கின்மையைப் படிக்கவே முடியவில்லை. நிரலின் வடிவத்தைத் தானாக மாற்றும் பிஎச்பி சிஎஸ் ஃபிக்சரை ஒருமுறை ஓட்டி அனைத்தையும் மாற்றிவிடலாமா, அல்லது லாராவெல் என்ற வேறு சட்டகத்துக்கே போய்விடுவது நல்லதா?

மறுமொழி 1:
நீங்கள் ஒழுங்கின்மை என்று சொல்வது உண்மையில் வேறோர் ஒழுங்கு. கோடிக்னைட்டர் 3-இன் கையேட்டிலுள்ள எழுத்துமுறை விதிகள் டேப்பையும், தனி வரியில் அடைப்புக்குறியையும், பெரிய எழுத்து ட்ரூவையும்தான் கேட்கின்றன. 2019-இல் வந்த பிஎஸ்ஆர்-12 நான்கு இடைவெளிகளையும் சிறிய எழுத்தையும் கேட்கிறது. முன்னவர்கள் விதியை மீறவில்லை. நீங்களும் அதே முறையில் எழுதுங்கள். ஒரே கோப்பில் இரண்டு நடை இருப்பதுதான் அடுத்து வருபவருக்குத் தொல்லை.

மறுமொழி 2:
மாற்றியே தீர வேண்டுமென்றால், வடிவ மாற்றத்தை மட்டும் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) தனிக் கமிட்டாக, அதாவது தனிப் பதிவாகப் போடுங்கள். நான் ஒருமுறை அதனுடன் ஒரு பிழைத்திருத்தத்தையும் சேர்த்துவிட்டேன். பிறகு கணக்கு தவறியபோது, ஆயிரக்கணக்கான வெற்று மாற்றங்களுக்கு நடுவே அந்த ஒரு வரியைத் தேடி ஓர் இரவு போயிற்று. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேமில் எல்லா வரியிலும் உங்கள் பெயரே நின்று, பில்லின் வரித்தொகைக் கணக்கீட்டை யார், எதற்காக அப்படி எழுதினார் என்பது மறையாமல் இருக்க, கிட் 2.23 முதல் உள்ள இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் வசதியில் அந்தக் கமிட்டின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

மறுமொழி 3:
லாராவெலுக்குப் போவது மேம்படுத்தல் அன்று, மறுபடி எழுதுவது. 2020-இல் வந்த கோடிக்னைட்டர் 4-கூடப் பழையதோடு ஒத்துப்போகாத புதிய படைப்புதான். அதற்கு முன், தரவுத்தளத்தை அணுகும் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளை யாராவது நேரடியாக அழைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்: 2015-இல் பிஎச்பி 7 அவற்றை நீக்கிவிட்டது. கோடிக்னைட்டரின் குவெரி பில்டர் (தரவுத்தள வினவல்களை அமைக்கும் பகுதி) வழியாகப் போகும் நிரலுக்குத் தரவுத்தள டிரைவரை மைஎஸ்கியூஎல்ஐ என்று மாற்றினால் பெரும்பாலும் போதும். நேரடி அழைப்புகளை ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும். பழைய பில்கள் சிலவற்றின் தொகையை அப்படியே எதிர்பார்க்கும் சோதனைகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பைசா முழுமையாக்கல் தவறாகத் தோன்றினாலும் உடனே திருத்தாதீர்கள்; கணக்காளர் கேட்டு வாங்கியதாக இருக்கலாம்.

கேட்டவர்:
நன்றி. தேடியதில் பதினான்கு நேரடி அழைப்புகள் கிடைத்தன, அவற்றில் ஒன்பது ரசீது அச்சிடும் கோப்பிலேயே இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குகிறேன், டேப்பிலேயே.