வீட்டுக் குழு: கீரையும் முட்டையும்

நான் (இரவு 7:38): நாளைக்கு காலையில 15 நிமிஷத்துல முடியுற மாதிரி கீரை முட்டை செய்யணும். பசளிக்கீரை ஒரு கட்டு இருக்கு. கீரைய வெட்டி முட்டையில கலந்து ஊத்தினா தட்டெல்லாம் பச்சைத்தண்ணி ஆகுதே, ஏன்?

சித்தி நானுஓயா (7:41): பச்சைக் கீரைய முட்டையில கலந்தா அப்படித்தான் ஆகும். பசளியில பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான். முட்டை ரெண்டு நிமிஷத்துல இறுகிரும், கீரை அதுக்குப் பிறகுதான் தண்ணி விடும். அந்தத் தண்ணிக்கு போக இடமில்ல. அதனால முதல்ல கீரை, தண்ணி வத்தின பிறகு முட்டை.

சித்தி நானுஓயா (7:45): ரெண்டு பேருக்கு அளவு இதுதான். முட்டை 4, வெட்டின கீரை இறுக்கி ரெண்டு பிடி, பெரிய வெங்காயம் பாதி, பச்சை கொச்சிக்காய் 2, உள்ளி 2 பல்லு, உப்பு கால் தேக்கரண்டிக்கு கொஞ்சம் மேல, எண்ணெய் 2 தேக்கரண்டி. மிளகுத்தூளும் மஞ்சளும் ஒரு சிட்டிகை.

அக்கா தலவாக்கலை (7:46): உப்பு பத்தாதுன்னு நினைச்சு கூட போட்டுறாத. தாச்சி நிறைய தெரியுற கீரை சுருங்கி ஒரு பிடிதான் மிஞ்சும். கண்ணால பார்த்து உப்பு போடுறவங்க எல்லாருக்கும் கரிக்கிறது அதாலதான்.

நான் (7:48): கீரைய இப்பவே வெட்டி வைக்கவா?

சித்தி நானுஓயா (7:50): வேணாம், கழுவி மட்டும் வைம்மா. பாத்திரத்துல தண்ணி நிறைய எடுத்து முக்கி, கீரைய மேல தூக்கி எடு. மண்ணு அடியில தங்கிரும். கீரையோட சேத்து கவுத்து ஊத்தினா அந்த மண்ணு திரும்ப கீரை மேலதான் விழும். மூணு தடவை செய். உதறி, காஞ்ச துணியில சுத்தி வச்சா நம்ம குளிருக்கு விடியும் வரை வாடாது. வெட்டுறது காலையிலதான்.

நான் (7:51): சரி சித்தி. அடுப்புல வச்ச பிறகு?

சித்தி நானுஓயா (7:56): தாச்சி நல்லா காஞ்ச பிறகு எண்ணெய் ஊத்து. ஈரத் தாச்சியிலயும் சூடில்லாத தாச்சியிலயும் முட்டை ஒட்டிக்கும். வெங்காயம், உள்ளி, கொச்சிக்காய் ஒரு நிமிஷம். தீய கூட்டி கீரைய போட்டு, பாதி உப்ப அப்பவே தூவு, உப்புதான் தண்ணிய சீக்கிரம் இழுத்து விடும். மூடி போடாத. மூணு நாலு நிமிஷத்துல கீரைய ஒரு பக்கமா ஒதுக்கிப் பாரு. வெறும் இடத்துக்கு தண்ணி ஓடி வந்தா இன்னும் ஆகல. வரலன்னா தீய குறைச்சு, மீதி உப்போட அடிச்ச முட்டைய ஊத்து. 20 விநாடி கைவைக்காத. பிறகு ஓரத்துல இருந்து நடுவுக்கு மெதுவா தள்ளு.

மாமா பண்டாரவளை (7:58): முட்டை மேல இன்னும் லேசா பளபளன்னு இருக்கும்போதே அடுப்ப அணைச்சிரணும். மீதிய தாச்சி சூடே பாத்துக்கும். ரொம்ப வெந்தா முட்டையும் தண்ணி விடும், பழிய கீரை மேல போடுவீங்க.

அக்கா தலவாக்கலை (7:59): கட்டிக்கிட்டு தேயிலை மலைக்கு கொண்டு போறதுன்னா அந்தப் பளபளப்பு கூடாது மாமா. முழுசா வேகணும். அஞ்சு நிமிஷம் ஆற வச்சு ரொட்டியில சுத்தணும். சூட்டோட மூடினா வேர்த்து ரொட்டி சொதசொதன்னு ஆகும், சீக்கிரம் புளிச்ச வாடையும் வரும்.

நான் (8:02): பசளி கிடைக்காட்டி வேற என்ன போடலாம்?

மாமா பண்டாரவளை (8:06): லீக்ஸ் பச்சைத் தாள் போடலாம். அடுக்குக்குள்ள மண்ணு இருக்கும், நீளமா பிளந்து கழுவணும். மெல்லிசா வெட்டி 5 நிமிஷம் வதக்கு, இல்லாட்டி நார் மாதிரி இருக்கும். பீட்ரூட் இலையும் நல்லது, தண்டை முதல்ல போட்டு வதக்கணும். முட்டை ரோஸ் கலராகும், பயப்படாத. வல்லாரை கசக்கும், முட்டைக்கு வேணாம், பச்சையா சம்பல் போடு. முருங்கை இலை கீழ்நாட்டுல இருந்து வரும்போது பாத்து வாங்கு, மஞ்சளாச்சுன்னா விடு.

சித்தி நானுஓயா (8:08): மரவள்ளி இலைய மட்டும் இந்த அவசர சமையலுக்கு தொடாதீங்க. அதுல சயனைட் விஷம் வர்ற பொருள் இருக்கு. இடிச்சோ பொடியா வெட்டியோ நல்லா அவிச்சு அந்தத் தண்ணிய கொட்டணும். நாலு நிமிஷ வதக்கலுக்கு சரிவராது.

நான் (8:10): தேசிக்காய் புளி எப்ப விடுறது?

சித்தி நானுஓயா (8:12): இறக்கின பிறகு. அடுப்புல இருக்கும்போது விட்டா கீரை பாசி நிறமாகிரும். மூடி போட வேணாம்னதும் அதுக்குத்தான், கீரையில இருந்து வர்ற புளிப்பு ஆவியோட போகணும். தேசிக்காய் ருசிக்கு மட்டுமில்ல, கீரையில உள்ள இரும்புச்சத்து உடம்புல நல்லா சேர அது உதவும்.

அக்கா தலவாக்கலை (8:13): கூடவே பிளேன்டீ குடிச்சா அந்த இரும்பு சரியா சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும்.

மாமா பண்டாரவளை (8:14): தேயிலைக்கு நடுவுல இருந்துகிட்டு இத சொல்ல உனக்கு தைரியம் வேணும் 😄

நான் (8:16): தம்பிக்கு அவிச்ச முட்டைதான் வேணுமாம். எத்தனை நிமிஷம்?

மாமா பண்டாரவளை (8:20): கொழும்பு கணக்கு இங்க சரிவராது. 300 மீட்டர் ஏற ஏற தண்ணி கொதிக்கிற சூடு ஏறக்குறைய 1 பாகை குறையும். நுவரெலியா 1868 மீட்டர், அங்க 94 பாகையிலேயே கொதிச்சிரும். கீழ 9 நிமிஷம்னா அங்க 11, 12 வைக்கணும். உங்க ஹட்டனுக்கு 10, 11. தீய கூட்டி பிரயோசனமில்ல, கொதிச்ச தண்ணி அதுக்கு மேல சூடேறாது, கேஸ்தான் போகும். எடுத்ததும் குளிர்ந்த தண்ணியில போடு. மஞ்சக்கருவ சுத்தி சாம்பல் பச்சை வளையம் வந்தா ரொம்ப வெந்துருச்சுன்னு அர்த்தம், சாப்பிட ஒண்ணும் செய்யாது.

சித்தி நானுஓயா (8:22): வறுக்கிறதுக்கு அந்தக் கணக்கு வேணாம், எண்ணெய் சூடு எங்கயும் ஒண்ணுதான். முட்டைய மட்டும் ஒவ்வொண்ணா கோப்பையில உடைச்சுப் பாத்து சேரு. நாலாவது கூமுட்டையா இருந்தா மத்த மூணும் போச்சு.

நான் (8:23): சரி சித்தி, கீரைய இப்ப தண்ணியில போடுறேன்.