ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ ஆங்கில மாயாஜால நாவல் வரிசையைப் படிக்கிற இன்னொரு ஆளை நம் மலேசியப் பக்கத்தில் எங்கே பார்த்தீர்கள்?

கித்தாக்காட்டான், சுங்கை சிப்புட்

செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் லோரி வரிசை. எடை போடும் இடத்துக்குப் போய்ச் சேரவே மதியமாகிவிடும். எட்டாம் புத்தகத்தை ஸ்டீயரிங் மேல் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற லோரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். வயசானவர், கழுத்தில் குட் மார்னிங் துண்டு. வரிசை நகர்கிறது என்று சொல்ல வருகிறார் என நினைத்தேன். அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, மேட்டைத் தேடாதீங்க. இந்தப் புக்குல வரவே மாட்டான்” என்றார்.

ஏழாவதின் கடைசியில் கதை நாயகர்களில் ஒருவனான மேட் மேல் சுவர் இடிந்து விழுகிறதே, அவன் என்ன ஆனான் என்று பார்க்கத்தான் நானும் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பழத்தைக் கொட்டிவிட்டு வருவதற்குள் ஆள் போய்விட்டார். அப்புறம் எந்த ஆலையிலும் அவரைப் பார்க்கவில்லை. அவர் சொன்னபடியே மேட் வரவில்லை. அது போகட்டும். அந்த மனுஷன் இத்தனை புத்தகத்தையும் படித்துவிட்டு யாரிடம் பேசியிருப்பார்? அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மல்லிகை டீச்சர்

2007 செப்டம்பர். வீட்டில் இண்டர்நெட் இல்லாத காலம், பெரிய சாலை சைபர் கஃபேதான் கதி. சுற்றிலும் பையன்கள் துப்பாக்கி விளையாட்டில் கத்திக்கொண்டிருக்கிறார்கள், என் திரையில் ராபர்ட் ஜோர்டன் இறந்த செய்தி. நோயில் இருக்கிறார் என்று தெரிந்தும் அழுகை வந்துவிட்டது. கடைக்கார அண்ணன் பதறிப்போய் வந்தார்.

“யாரும்மா தவறிட்டாங்க?”

“எழுத்தாளர்ண்ணே.”

“நேசன் பேப்பர்ல எழுதுவாரே, அவரா?”

“இல்லண்ணே, அமெரிக்காக்காரர்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் ஐஸ் மைலோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது காசு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எழவு வீட்டுக்காரங்ககிட்ட வாங்கினா நல்லதில்லம்மா.”

மிச்சம் உங்களுக்கே தெரியும். ஜோர்டனுக்கு எடிட்டராகவும் இருந்த அவர் மனைவி ஹாரியட், மிச்சக் கதையை எழுத பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே புத்தகமாக முடிய வேண்டியது மூன்றாகி, 2013இல்தான் பதினாலாவதோடு முடிந்தது. முடித்த கையோடு அந்த அண்ணனிடம் சொல்லப் போனேன். கடை கைப்பேசிக் கடையாகியிருந்தது.

ஈப்போ வாசகன்

என் அனுபவம் சின்னது. மைன்ஸில் நடந்த பிக் பேட் வுல்ஃப் புத்தக விற்பனையில் நாலாவதுக்குக் கை நீட்டினேன். ஒரு மலாய் அம்மா முந்திக்கொண்டார். “சோரி யா, டிக்” (மன்னிச்சுக்கோ தம்பி) என்று சிரித்துக்கொண்டே கூடையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

கித்தாக்காட்டான், நீங்கள் ஏன் எட்டாவதோடு மல்லுக்கட்டுகிறீர்கள்? ஏழிலிருந்து பத்து வரை கதை நகராது. அதிலும் 2003இல் வந்த பத்தாவது மகா மோசம். ஒன்பதாவதின் முடிவில் ஒரு பெரிய காரியம் நடக்கும். அதை ஆளாளுக்குத் தூரத்திலிருந்து உணர்ந்து ‘என்ன அது, என்ன அது’ என்பதிலேயே எத்தனையோ பக்கம் ஓடிவிடும். சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராகப் பதினொன்றுக்குப் போங்கள், ஜோர்டன் அதில்தான் பழைய வேகத்துக்கு வருகிறார். ‘நியூ ஸ்பிரிங்’ முன்கதைதானே என்று அதிலிருந்து தொடங்காதீர்கள், பத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். லோரி ஓட்டுகிறவர்கள் ஒலிப்புத்தகம் கேட்கலாம். மைக்கேல் கிராமரும் கேட் ரீடிங்கும் மாறி மாறி வாசிப்பார்கள், கேட்டால் தூக்கம் வராது. டிவி தொடரை நம்பி இறங்காதீர்கள், மூன்று சீசனோடு 2025இல் நிறுத்திவிட்டார்கள்.

தோட்டத்துப் பொண்ணு

ஈப்போ அண்ணே, உங்களிடம் யாரும் வழி கேட்கவில்லை. பத்தாவதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். படைக்குச் சோறு போட இன்னொரு நாயகன் பெரின் ஒரு ஊருக்குத் தானியம் வாங்கப் போகிறான், மூட்டையைப் பிரித்தால் வண்டு. மந்திரமும் கத்தியும் வருகிற கதையில் அரிசிக் கணக்கையும் எழுத எத்தனை பேருக்குத் தோன்றும்? உங்களுக்குச் சண்டை மட்டும் போதுமென்றால் வேறு எதையாவது படியுங்கள்.

சரி, என் கதை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ராத்திரி கீரை ஆய்ந்துகொண்டே என்னைக் கதை சொல்லச் சொல்வார். முதல் புத்தகத்தில் மந்திரம் தெரிந்த ஏஸ் செடாய் பெண்கள் வந்தார்கள். பொய் பேசமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள்மா, ஆனாலும் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள் என்றேன். அம்மா அதிசயப்படவே இல்லை.

“நம்ம தோட்டத்துல கணக்கு எழுதுன பழைய கிராணி மாதிரி. பேரு எழுதியாச்சும்பாரு. எழுதியும் இருப்பாரு. எதுல எழுதினாருன்னு மட்டும் சொல்லமாட்டாரு.”

சொல்லிவிட்டு ஒரு முற்றின காம்பை முறித்துத் தூரப் போட்டார். நான் அதுவரை அந்த ஏஸ் செடாய்களில் ஒருத்தியான மொரெய்ன் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிக்கொண்டு வந்தவள். அன்றிலிருந்து அவள் பேசினாலே முந்தின பக்கத்தைத் திருப்பி, சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று பார்ப்பேன். பாதி நேரம் ஏதாவது சிக்கும். ஆலோசனை சொல்லும் அண்ணன்மார் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

புதுசு, கோலகங்சார்

நான் ஐந்தாவதில் இருக்கிறேன். பத்தாவதில் வண்டு வருவது வரைக்கும் தெரிந்துகொண்டேன், ரொம்ப நன்றி. ஆறாவது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது. ஈப்போ அண்ணன் வைத்திருந்தால் புத்தகத்தை மட்டும் அனுப்பட்டும்.