பிளேட்லெட் குறைஞ்சுது, ஆனா டெங்கு இல்ல: எங்க பையனுக்கு வந்த மலேரியா

ஒரு அம்மா, "குழந்தைக்கு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவற தட்டணு) எழுபதாயிரம், டெங்கு நெகட்டிவ், என்ன பண்றது"ன்னு கேட்டிருந்தாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

நாங்க சேலம் அம்மாப்பேட்டை. பையனுக்கு ஆறு வயசு. மே லீவுக்குச் சென்னையில சித்தி வீட்டுல இருந்துட்டு வந்து ரெண்டு வாரம் கழிச்சு குளிர் காய்ச்சல். ரெண்டு கம்பளி போர்த்தியும் பல்லு கிட்டிச்சு, அப்புறம் சட்டை நனையற அளவுக்கு வேர்வை. மறுநாள் தெருவுல விளையாடறான்! அடுத்த நாள் திரும்பவும் அதே குளிர்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ரத்தம் பார்த்தோம். பிளேட்லெட் 62,000, வெள்ளையணு 4,100. டெங்குன்னே சொல்லிட்டாங்க. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ் வந்தும் மலேரியா பார்க்கல. அந்த ரெண்டு நாள் வீணாப் போனது இன்னும் மனசுல உறுத்துது. ஏற்காட்டுல காப்பித் தோட்ட வேலை பார்த்த எங்க அத்தைதான், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது, முறைக் காய்ச்சல் மாதிரி இருக்கு கண்ணு"ன்னாங்க. மலேரியாவைத்தான் அப்படிச் சொன்னாங்க.

அரசு ஆஸ்பத்திரியில காய்ச்சல் இருக்கும்போதே விரல்ல குத்தி, கண்ணாடித் துண்டுல ரத்தம் தடவிப் பார்த்தாங்க. வைவாக்ஸ்ங்கற வகை மலேரியா. டாக்டரம்மா இடது விலாவுக்குக் கீழ அமுக்கி, வீங்கியிருந்த மண்ணீரலை என் விரலாலயே தொட்டுப் பார்க்க வெச்சாங்க. பிளேட்லெட் நிறைய அங்கயும் தேங்கிடுமாம். கிருமி சிவப்பணுவுக்குள்ள பெருகி அதை உடைச்சுக்கிட்டு வெளிய வருது. கிருமி ஏறாத அணுக்களையும் மண்ணீரல் சேர்த்தே அழிக்குது. வைவாக்ஸ் இளம் சிவப்பணுவைத்தான் தேடிப் போகும். ஃபால்சிபாரம்ங்கற இன்னொரு வகை எல்லா வயசு அணுவையும் பிடிக்கும், அதனாலதான் அது இன்னும் ஆபத்து.

குளோரோகுயின் மூணு நாள். ஈரல்ல ஒளிஞ்சிருக்கறது திரும்ப வராம இருக்க பிரைமாகுயின் 14 நாள். அதுக்கு முன்னாடி ஜி6பிடி (சிவப்பணுவைப் பாதுகாக்கற ஒரு நொதி) டெஸ்ட் கட்டாயம். அது குறைவா இருக்கற குழந்தைக்கு அந்த மாத்திரையே சிவப்பணுவை உடைச்சிடும்.

ஒரே வாரத்துல பிளேட்லெட் 1,90,000 ஆச்சு. நான் நிம்மதியாயிட்டேன், ஆனா சிவப்பணுவுல இருக்கற ஹீமோகுளோபின் 8.4-லிருந்து 7.9-க்கு இறங்கியிருந்துச்சு. காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் இறங்கும், கீழ் இமையை இழுத்து வெளுப்பு பாருங்க, மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வாங்கன்னாங்க. தினமும் காலையில ஜன்னல் பக்கம் நிறுத்திப் பார்ப்பேன், காகிதம் மாதிரி இருக்கும். நாலாவது வாரம் 10.1. அன்னிக்கு இமைக்குள்ள லேசா சிவப்பு தெரிஞ்சுது.