இழை: ‘டிக்னிட்டரி’க்குத் தமிழ் என்ன? (நாளை மாலை அச்சுக்குப் போகிறது)

செ. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆங்கிலச் சொற்பயிற்சிக் கையேட்டில் ‘டிக்னிட்டரி’ மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் வரைவில் ‘மதிப்பிற்குரியவர்’ என்று போட்டிருந்தேன். வகுப்பில் ஒத்திகை பார்த்தபோது ஒரு பையன், ‘என் தாத்தா ஒரு டிக்னிட்டரி’ என்று வாக்கியம் அமைத்துவிட்டான். தாத்தா மதிப்பிற்குரியவர்தானே, நான் எப்படித் தப்புப் போடுவது? ‘டிக்னிட்டி’ முன்பே தெரிந்த பிள்ளைகள் ‘கண்ணியமானவர்’ என்கிறார்கள். தூதர், அமைச்சர், பேராயர் எல்லாரையும் அடக்கும் ஒரு சொல் வேண்டும்.

மு. எழுதியது:
பிரமுகர். நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. இதற்கு ஓர் இழையா?

கா. எழுதியது:
பிரமுகர் வடசொல். அதைக் கையேட்டில் ஏற்றிவிட்டுத் தமிழ் வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆங்கிலச் சொல்லின் வேரைப் பாருங்கள். இலத்தீனில் ‘டிக்னுஸ்’ என்றால் தகுந்த, தக்க. அதற்கும் மூலம் ‘டெக்’. ‘டீசன்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். நம்மிடம் தகு, தகை, தகவு, தகுதி, தகைமை. டெக் – தகு! ஒலியும் பொருளும் இப்படிக் கைகோத்து வருவது தற்செயலா? ஆகவே ‘தக்கார்’. வள்ளுவர் வாக்கு.

ந. எழுதியது:
> ஒலியும் பொருளும் இப்படிக் கைகோத்து வருவது தற்செயலா?

தற்செயல்தான், ஐயா. இரண்டு மொழிக்குடும்பங்களில் ஒரு சொல் ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாட முடியாது; ஒலிமாற்றம் ஒழுங்காகப் பல சொற்களில் வர வேண்டும். அது கிடக்கட்டும். ‘தக்கார்’ என்பது கோயில் நிர்வாகத்தில் ஏற்கெனவே ஒரு பதவிப்பெயர். அதோடு, நீங்கள் துணைக்கழைத்த வள்ளுவரே, தக்காரா தகவிலரா என்பது ‘அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்கிறார் (குறள் 114). வந்திறங்கும் தூதருக்கு மாலை போடுமுன் எச்சம் பார்க்க எங்கே போவது?

கா. எழுதியது:
நகைச்சுவை நன்று. அப்படியானால் சான்றோர் என்க.

ந. எழுதியது:
அதிலும் அதே சிக்கல். ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்னும் புறநானூறு 312இல் அடுத்த வரியில் கொல்லன் வேல் வடிக்கிறான். அங்கே சான்றோன் போர்வீரன். பிறகு பண்பு நிறைந்தவன் ஆனான். பதவியில் இருப்பவன் என்ற பொருளுக்கு அவன் வரவே இல்லை.

எனக்குப் படுவது இது: பெரியோர், சான்றோர், மேன்மக்கள், பெருந்தகை என்று நம்மிடம் சொற்கள் நிறைய இருந்தாலும் எல்லாம் ஆளின் குணத்தை எடைபோடுகின்றன. இந்த ஆங்கிலச் சொல் நாற்காலியைப் பார்க்கிறது. ஒரு சோதனை: ‘கெட்டாலும் மேன்மக்கள் மேன்மக்களே’ என்றார் ஔவையார். டிக்னிட்டரி கெட்டால், அதாவது பதவி போனால், அடுத்த விழாவில் முன்வரிசையில் இடம் கிடையாது. பையனின் தாத்தா முதல் வகை. ஆசிரியருக்கு வேண்டியது இரண்டாம் வகை.

மு. எழுதியது:
ந. அம்மா சொன்னது சரி. ஆனால் என் பிரமுகரும் குணத்தைப் பார்ப்பவர் இல்லையே?

ந. எழுதியது:
இல்லைதான். ஆனால் அவர் ரொம்பவே இறங்கிவந்துவிட்டார். ‘கட்சிப் பிரமுகர் கைது’ என்று படிக்கும் பிள்ளைக்கு எந்தப் படம் மனசில் வரும்? ‘வெளிநாட்டுப் பிரமுகர்கள்’ என்றால் மட்டும் கம்பீரம் திரும்புகிறது. அடைமொழி இல்லாமல் நிற்க அவருக்குத் தெம்பில்லை.

கா. எழுதியது:
நாற்காலிக்குச் சொல் இல்லை என்பதை மறுக்கிறேன். ஏனாதி, காவிதி, எட்டி என்பவை அரசன் வழங்கிய பட்டங்கள். மதுரைக்காஞ்சியில் ‘காவிதி மாக்கள்’ வருகிறார்களே! ‘காவிதியர்’ என்று மீட்டெடுப்போம். ஐம்பெருங்குழு, எண்பேராயம் பற்றியும் விரிவாக எழுத வேண்டும், இரவு எழுதுகிறேன்.

செ. எழுதியது:
ஐயா, ‘காவிதியர்’ போட்டால் அதற்கும் அருஞ்சொற்பொருள் போட வேண்டும். என் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லைக் கற்பிக்க இரண்டு சொல் ஆகிவிடும். நடிகரையும் விளையாட்டு வீரரையும் இதில் சேர்க்கக் கூடாது என்பது புரிகிறது, அவர்கள் பிரபலங்கள். ‘உயர்பதவியினர்’ என்று போடட்டுமா?

மு. எழுதியது:
போடுங்கள். தூங்கப் போகிறேன்.

ந. எழுதியது:
அழகில்லை, ஆனால் தாத்தா உள்ளே நுழைய மாட்டார். வாக்கியமும் கொடுங்கள்: ‘குடியரசு நாள் விழாவில் வெளிநாட்டு உயர்பதவியினர் முன்வரிசையில் அமர்ந்தனர்.’

கா. எழுதியது:
பதவியும் வடசொல் என்பதை யாரும் கவனிக்கவில்லையா? பிரமுகரை விரட்டிவிட்டு அவர் உறவினரை உட்காரவைத்திருக்கிறீர்கள். ‘உயர்நிலையர்’ எவ்வளவோ மேல். என் எதிர்ப்பு பதிவாகட்டும்.

செ. எழுதியது:
‘உயர்நிலை’ என்றதும் பிள்ளைகளுக்குப் பள்ளிதான் நினைவுக்கு வரும், ஐயா. ‘உயர்பதவியினர், (வெளிநாட்டு) பிரமுகர்’ என்று இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

கா. எழுதியது:
அனுப்பியாயிற்றா? பதவி + அர் = பதவியர் போதுமே, ‘இன்’ சாரியை எதற்கு?